பழைய காரின் பின் ஆக்ஸிலுக்கு எந்தப் பேரிங்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கார்களைப் பிரித்துச் சீர்செய்யும் நண்பர்கள் என்னை அழைத்தால், பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்கும்: "பின் சக்கர பேரிங் எண் என்ன?" எண்ணைச் சொல்வது எளிது. ஆனால் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு போனவர்கள் ஒரே வருடத்தில் மறுபடி அழைத்திருக்கிறார்கள். அதனால் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்களின் வாக்கிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் 1956இல் வந்த மோரிஸ் மைனர் 1000 என்ற ஆங்கிலக் காரைச் சார்ந்தவை. நான் அதிகமாகத் திறந்து பார்த்த ஆக்ஸில் அதுதான்.

பின்பக்கம் 'ஊ' என்று இரைச்சல் வருகிறது. பேரிங் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?

ஆளில்லாத நல்ல சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் ஒலி மாறினால் சந்தேகம் கிரவுன், பினியன் பக்கம் (ஆக்ஸிலின் நடுவே டிஃபரென்ஷியலில் உள்ள பல்சக்கரங்கள்) போகவேண்டும். மிதித்தாலும் விட்டாலும் ஒரே ஒலியாக இருந்து, வண்டியை இடமும் வலமும் மெல்ல வளைக்கும்போது கூடிக் குறைந்தால் அது சக்கர பேரிங். வலப்பக்கம் திரும்பும்போது எடை இடப்பக்கச் சக்கரத்தின்மேல் சாயும். அப்போது இரைச்சல் கூடினால் குற்றவாளி பெரும்பாலும் இடப்பக்கம்தான் இருக்கும்.

பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றியபடி மறு கையைப் பட்டை ஸ்பிரிங்கின்மேல் வையுங்கள். காதுக்கு எட்டாத கரகரப்பு விரலுக்கு எட்டும்.

எண்ணைச் சொன்னால் வாங்கிப் போட்டுவிடுவேன். ஆக்ஸில் வகையெல்லாம் எதற்கு?

பேரிங் என்ன சுமையைத் தாங்குகிறது என்பதை எண் சொல்லாது, ஆக்ஸில் வகைதான் சொல்லும். அரை மிதவை (செமி ஃப்ளோட்டிங்) ஆக்ஸிலில் சக்கரம் நேராக ஷாஃப்டின் (சக்கரத்தைச் சுற்றும் தண்டு) நுனியில் பொருந்தியிருக்கும். பேரிங், ஷாஃப்டுக்கும் அதைச் சுற்றியுள்ள கேசிங் குழாய்க்கும் நடுவில் இருக்கும். வண்டியின் எடை, வளைவில் வரும் பக்கவிசை, என்ஜினின் முறுக்கு மூன்றையும் அந்த ஒரு ஷாஃப்டே சுமக்கிறது. அது முறிந்தால் சக்கரம் கழன்று போய்விடும்.

முழு மிதவையில் (ஃபுல் ஃப்ளோட்டிங்) கேசிங் குழாயின் வெளிப்புறத்தில் இரண்டு பேரிங்குகள், அவற்றின்மேல் ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி). எடையும் பக்கவிசையும் ஹப்பிலிருந்து பேரிங் வழியாக நேரே கேசிங்குக்குப் போய்விடும். ஷாஃப்டுக்கு முறுக்குவது தவிர வேறு வேலை இல்லை. லாரிகளிலும் பழைய சீரிஸ் லேண்ட் ரோவரிலும் இதைப் பார்க்கலாம்.

மைனர் 1000 நடுவில் நிற்கிறது: முக்கால் மிதவை. ஹப் கேசிங்கின் வெளியேதான் சுற்றுகிறது, ஆனால் பேரிங் ஒன்றே ஒன்று. எடை ஷாஃப்டுக்குப் போகாது. ஆனால் வளைவில் சக்கரம் சாயப் பார்க்கும்போது ஒரு வரிசைப் பால் (குண்டு) பேரிங்கால் அந்தச் சாய்வைத் தடுக்க முடியாது. அதைத் தடுப்பது ஹப்புடன் இறுக்கப்பட்டிருக்கும் ஷாஃப்டின் தட்டு (ஃபிளாஞ்ச்). கீழே வரும் பாதி விடைகள் இந்த ஒரு செய்தியிலிருந்து பிறப்பவை.

என் வண்டி எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பிரேக் டிரம்மைக் கழற்றுங்கள். சிறு ஸ்க்ரூவை எடுத்ததும் ஷாஃப்ட் தட்டோடு வெளியே வந்து, ஹப் மட்டும் கேசிங்கிலேயே பெரிய நட்டுடன் நின்றால் அது முக்காலோ முழுதோ. உள்ளே பேரிங் ஒன்றா இரண்டா என்பதை வைத்து முடிவு செய்யலாம். ஷாஃப்ட் வந்ததும் சக்கரம் தாங்கும் இடமே இல்லாமல் போனால் அரை மிதவை. கூம்பு நுனியும் காட்டர் பின் போட்ட நட்டும் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த அமைப்பை வேறு வகைகளிலும் பார்க்கலாம்.

பெயரையும் நம்பவேண்டாம். 1948இல் வெளியான மைனரின் முதல் வடிவம் சீரிஸ் எம்எம். அதுவும் மைனர்தான், ஆனால் பிற்காலத்து மைனர் 1000-இன் ஆக்ஸில் அதில் இல்லை. "மைனர் பேரிங்" என்று கேட்டு வாங்கினால் இரண்டில் எதற்கானதும் வரலாம்.

பேரிங்கில் எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டது. கடையில் என்ன சொல்லிக் கேட்பது?

உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் வெர்னியரில் அளந்து மில்லிமீட்டரிலேயே எழுதுங்கள். முழு எண்ணாக வந்தால் மெட்ரிக். 30, 62, 16 என்றால் 6206. 35, 72, 17 என்றால் 6207. 25.4, 57.15, 15.875 என்று சில்லறையோடு வந்தால் அது பழைய ஆங்கில அங்குல வரிசை. இந்த அளவு எல்ஜே 1, அதாவது ஓர் அங்குல உள்விட்டம் கொண்ட லைட் வரிசை. அதே உள்விட்டத்தில் 63.5 வெளிவிட்டமும் 19.05 அகலமும் வந்தால் மீடியம் வரிசையான எம்ஜே 1.

ஹாஃப்மன், ரான்சம் அண்ட் மார்ல்ஸ், போலார்ட் ஆகிய மூன்று ஆங்கிலத் தயாரிப்பாளர்களும் 1969இல் ஒன்றிணைந்து ஆர்எச்பி ஆனார்கள். அதனால் ஒரே அளவுக்குப் பழைய முத்திரை ஒன்றும் புதிய முத்திரை ஒன்றுமாக இருக்கும். தயங்கவேண்டாம், அளவு ஒன்றானால் அந்த இரண்டும் ஒன்றே.

அங்குல பேரிங் கிடைக்கவில்லை. 'ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர்தானே, புஷ் போட்டு 6206 மாட்டிவிடலாம்' என்கிறார் லேத் கடைக்காரர். செய்யலாமா?

வெளிப்பக்கத்தில் செய்யலாம், உள்பக்கத்தில் கூடாது. 1¼ அங்குல லைட் வரிசை பேரிங்கின் உள்விட்டம் 31.75 மில்லிமீட்டர். அந்த இடத்தில் 6206 போகவேண்டுமென்றால் ஷாஃப்டை 30-க்குக் கடைய வேண்டும். வட்டத் தண்டின் வளைவு வலிமை விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் மாறுகிறது. அதனால் இந்த 1.75 மில்லிமீட்டருக்காக வலிமையில் ஏறக்குறைய 16 சதவீதம் போய்விடும். கேசிங் குழாயாக இருந்தால் சுவர் மெலிவதால் இழப்பு இன்னும் கூடுதல். போதாததற்கு, கடைந்த இடத்தில் கூர்மையான மூலை விழுந்தால் விரிசல் அங்கேதான் பிறக்கும்.

வெளிவிட்டத்தில் வரும் இடைவெளியை எஃகு வளையம் கொண்டு நிரப்பலாம். உள்துளை பெரிதாகும் மெட்ரிக் பேரிங்குக்கு (31.75 இடத்தில் 35) மெல்லிய ஸ்லீவ் (உறை வளையம்) போடுவதும் நடக்கும். ஆனால் 1.6 மில்லிமீட்டர் சுவருள்ள ஸ்லீவை இருபுறமும் ஒரே மையத்தில் கடைவது நல்ல கைகளுக்கே வரும் வேலை. அங்குல பேரிங்குகள் இன்றும் தயாராகின்றன. இரண்டு வாரம் காத்திருப்பதுதான் என் பரிந்துரை.

பழைய ஸ்டாக், பெட்டி பிரிக்காதது கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் அப்படியே மாட்டாதீர்கள். நாற்பது வருட கிரீஸ் மெழுகாகியிருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, காய்ந்ததும் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். குண்டு ஓடும் பாதையில் துருப்புள்ளி ஒன்று தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். கழுவிய பேரிங்கைக் காற்றுக் குழாயால் சுழற்றி விளையாடுவது ஆபத்து. உயவில்லாத குண்டுகள் பாதையைக் கீறிவிடும்.

இவ்வளவு சின்ன பேரிங் நான்கு பேர் உட்கார்ந்த காரைத் தாங்குமா? பெரிதாகப் போட்டால் நல்லதல்லவா?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மைனர் அளவுள்ள வண்டி, நான்கு பேர், பெட்டி எல்லாம் சேர்த்து ஒரு பின் சக்கரத்துக்கு 300 கிலோ என்று வையுங்கள். ஏறக்குறைய 2.94 கிலோநியூட்டன். பள்ளம் மேட்டுக்காக ஒன்றரை மடங்கு எடுத்தால் 4.4. எடுத்துக்காட்டுக்கு 6207 பேரிங்கை எடுத்துக்கொள்வோம். அதன் இயங்குசுமைத் திறன் சுமார் 25.5 கிலோநியூட்டன். திறனைச் சுமையால் வகுத்தால் 5.8. பால் பேரிங்குக்கு அதை மும்மடி ஆக்கவேண்டும்: 195. இது பத்து லட்சம் சுற்றுகளின் கணக்கு, அதாவது 19.5 கோடி சுற்றுகள். ஒரு சுற்றுக்கு டயர் 1.8 மீட்டர் உருள்கிறது என்றால் சுமார் 3,50,000 கிலோமீட்டர். நூறு பேரிங்குகளில் தொண்ணூறு இந்த ஆயுளைத் தாண்டும் என்பது இந்தக் கணக்கின் பொருள்.

வளைவுகளில் பக்கவிசை சேரும்போது ஆயுள் இதில் பாதிக்கும் கீழே போகலாம். ஆனால் யாரும் நாள் முழுக்க வளைந்துகொண்டே ஓட்டுவதில்லை. மும்மடி விதியின் மறுபக்கத்தையும் நினைவில் வையுங்கள்: சுமை கால் பங்கு கூடினால் ஆயுள் பாதியாகிவிடும். ஆகவே அளவு போதுமானது. பெரிய பேரிங்குக்காக ஹப்பின் சுவரைக் குடைந்து மெலியச் செய்வது நல்ல உறுப்பைக் கெடுப்பதாகும்.

மூன்றரை லட்சம் என்கிறீர்கள், எனக்குப் புதுப் பேரிங் 10,000 கிலோமீட்டர்கூடத் தாங்கவில்லையே?

சுமையால் களைத்துச் சாகும் பின் சக்கர பேரிங்கை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். கொல்பவை வேறு: தண்ணீர், சுத்தியல், தளர்ந்த இறுக்கம். வெளி வளையத்தைப் பிடித்து அடிக்கவேண்டிய இடத்தில் உள் வளையத்தை அடித்தால் விசை குண்டுகள் வழியாகப் போய், பாதையில் குண்டுகள் நிற்கும் இடங்களில் சிறு குழிகள் விழும். அந்தப் பேரிங் மாட்டிய அன்றே சேதமானது. ஹப்பை 80 அல்லது 100 டிகிரிக்குச் சூடாக்கினால் பேரிங் அதிக எதிர்ப்பின்றி இறங்கும். அதற்கும் அழுத்தும் வளையத்தின்மேல் மட்டும் பொருந்தும் குழாய்த் துண்டு வேண்டும்.

மைனர் வகை ஆக்ஸிலில் இன்னொரு நுட்பம் இருக்கிறது, இதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். பேரிங்கின் வெளியே ஓர் இடைவளையம் இருக்கும். அழுத்தி முடித்தபின் அது ஹப் முகத்தைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் 1 முதல் 4 பங்கு வரை (0.025 முதல் 0.1 மில்லிமீட்டர்) வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்கிறது மைனரைத் தயாரித்த பி.எம்.சி. நிறுவனத்தின் பட்டறைக் கையேடு. ஷாஃப்டின் தட்டு பேப்பர் பேக்கிங்கோடு இறுகும்போது அந்த வளையத்தின் வழியாக பேரிங்கின் வெளி வளையத்தைக் கவ்வுகிறது. நீட்டம் இல்லாவிட்டால் கவ்வல் இல்லை. பேரிங் ஹப்புக்குள் ஊர்ந்து சுற்றத் தொடங்கும், எண்ணெய் கசிந்து பிரேக் ஷூவை நனைக்கும்.

என் கையால் பூட்டிய முதல் ஆக்ஸிலில் தடித்த பேக்கிங் ஒன்றை வெட்டிப் போட்டேன். கசிவு நிற்கும் என்று நம்பினேன். அந்தத் தடிப்பே நீட்டத்தை விழுங்கிவிட்டது. மூன்று மாதத்தில் ஹப்பின் உள்துளை பளபளவென்று தேய்ந்து, கிடைப்பதற்கரிய நல்ல ஹப் ஒன்று போய்விட்டது. அதற்குப் பிறகு நீட்டத்தை அளக்காமல் ஒரு ஹப்பையும் மூடியதில்லை.

உள் வளையம் இறுக்கமாக இருக்கவேண்டுமா, வெளி வளையமா?

சுமையின் திசையோடு ஒப்பிட்டால் எந்த வளையம் சுற்றுகிறதோ அது இறுக்கமாக இருக்க வேண்டும். எடை எப்போதும் கீழ்நோக்கியே இருக்கிறது. அரை மிதவையில் ஷாஃப்டும் உள் வளையமும் சுற்றுகின்றன, ஆகவே உள் வளையம் அழுத்திப் போகவேண்டும், வெளி வளையம் கையால் தள்ளினால் போகும் அளவுக்கு இருக்கலாம். முக்கால், முழு மிதவைகளில் ஹப் சுற்றுகிறது, ஆகவே வெளி வளையம் ஹப்பில் இறுகவேண்டும். உள் வளையம் கேசிங்கில் சற்று எளிதாக ஏறி, நட்டால் பூட்டப்படும்.

அந்த நட் மைனரில் வலப்பக்கம் வலப்புரி, இடப்பக்கம் இடப்புரி. தெரியாமல் எதிர்த்திசையில் நெம்பிக் கேசிங்கின் மரையைக் கெடுத்தவர்கள் உண்டு.

ஹப்புக்குள் பேரிங் லூசாக இருக்கிறது. உளியால் நாலு புள்ளி குத்தி இறுக்கிக் கொடுத்துவிட்டார்கள். போதுமா?

போதாது. புள்ளியின் முகடுகள்தான் பேரிங்கைத் தொடுகின்றன. சில நூறு கிலோமீட்டரில் அவை நசுங்கி, முன்பைவிட லூசாகும். இடைவெளி மிகச் சிறிதாக இருந்தால், இரு பரப்பையும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, உருளைப் பொருத்தங்களுக்கான லாக்டைட் வகைப் பசையைப் போடலாம். கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் ஹப்பைக் குடைந்து ஸ்லீவ் போடவேண்டும், அல்லது வேறு ஹப் தேடவேண்டும்.

சி3 என்று போட்ட பேரிங்தான் உயர்ந்தது என்கிறார்களே?

சி3 தரத்தைக் குறிப்பதல்ல, குண்டுக்கும் பாதைக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் குறிக்கிறது. 35 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் சாதாரண பேரிங்குக்கு அது 6 முதல் 20 மைக்ரான், சி3க்கு 15 முதல் 33 மைக்ரான். வளையத்தை இறுக்கி அழுத்தும்போது இந்த இடைவெளி குறையும். அழுத்தம் பலமாக இருக்கும் இடத்தில் சி3 தேவைப்படலாம். ஆனால் முக்கால் மிதவை ஹப்பில் கூடுதல் இடைவெளி சக்கரத்தின் சாய்வைக் கூட்டி, அந்தச் சுமையை ஷாஃப்டின் தட்டிடம் தள்ளும். மைனர் போன்றவற்றில் கையேடு கேட்டாலன்றி நான் சாதாரண இடைவெளியையே போடுகிறேன்.

இருபுறமும் ரப்பர் சீல் வைத்த 2ஆர்எஸ் பேரிங் போட்டால் எண்ணெய்க் கசிவு நின்றுவிடுமா?

குறையலாம், நின்றுவிடும் என்று உறுதி தரமாட்டேன். இந்த ஆக்ஸில் திறந்த பேரிங்குக்காகவே அமைந்தது. டிஃபரென்ஷியலின் கியர் ஆயில் குழாய் வழியாக வந்து பேரிங்கை நனைக்கிறது. பேரிங்குக்குப் பின்னால் உள்ள ஆயில் சீல் அதைப் பிரேக்குக்குப் போகாமல் தடுக்கிறது. சீல் வைத்த பேரிங்கின் வேக வரம்பைப் பற்றிக் கவலை வேண்டாம். 100 கிலோமீட்டர் வேகத்திலும் சக்கரம் நிமிடத்துக்கு 930 சுற்றுதான் சுற்றுகிறது.

உள்பக்க ரப்பரை மட்டும் விட்டுவைத்து, எண்ணெய் வரும் வெளிப்பக்கத்து ரப்பரைப் பிரித்துப் போடுவது என் வழக்கம். எண்ணெயும் கிடைக்கும், கூடுதல் தடுப்பும் கிடைக்கும். ஆனால் முதலில் டிஃபரென்ஷியலின் மூச்சுத்துளையைப் பாருங்கள். மண் அடைத்துக்கொண்டால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி எந்தச் சீலையும் தாண்டும்.

பால் பேரிங்கைவிட டேப்பர் ரோலர் பலமானது. மாற்றிவிடலாமா?

ஒற்றை டேப்பர் ரோலர் (கூம்பு உருளைகள் கொண்ட பேரிங்) பக்கவிசையை ஒரு திசையில் மட்டுமே தாங்கும். மறு திசையில் இழுத்தால் கழன்றுவிடும். மைனரின் ஒற்றைப் பால் பேரிங் இரு திசையையும் தாங்குகிறது. அதன் இடத்தில் ஒரே ஒரு டேப்பரை வைத்தால் ஹப் வெளியே வரும்போது பிடிக்க ஆளில்லை.

டேப்பர் போட்ட அரை மிதவை ஆக்ஸில்கள் உண்டு, ஜாகுவார் மார்க் 2-இன் ஆக்ஸில் அத்தகையது. அங்கே இடச் சக்கரத்தை உள்ளே தள்ளும் விசை, ஷாஃப்ட் வழியாக டிஃபரென்ஷியலின் நடுத்துண்டைத் தாண்டி, வலப்பக்க ஷாஃப்டைத் தள்ளி, வலப்பக்க பேரிங்கில் போய் நிற்கும். இரு பக்கமும் சேர்ந்து ஒரே அமைப்பு. அதனால் ஒரு பக்கம் பால், மறு பக்கம் டேப்பர் என்று கலக்கக் கூடாது. ஷிம் (மெல்லிய தகடு) வைத்து நீளவாட்டு ஆட்டத்தைக் கையேட்டின்படி அளந்தே மூடவேண்டும்.

பெரிய என்ஜினும் அகல ரிம்மும் போடுகிறேன். பேரிங்கை மாற்றவேண்டுமா?

என்ஜினுக்காக மாற்றவேண்டாம். முறுக்கு ஷாஃப்ட் வழியாகத் தட்டுக்குப் போகிறது, ஹப் பேரிங்குக்கு அதனால் பெரிய சுமை இல்லை. நீங்கள் பயப்படவேண்டியது ஷாஃப்டைப் பற்றி. அகல ரிம்தான் பேரிங்கின் பகை. தொடக்கத்தில் டயரின் நடுக்கோடு பேரிங்குக்கு ஏறக்குறைய நேர் மேலே அமைந்திருக்கும். ரிம் அதை 25 மில்லிமீட்டர் வெளியே தள்ளினால், 3 கிலோநியூட்டன் எடை 75 நியூட்டன் மீட்டர் நெம்பலாக மாறும். வளைவில் வருவதோடு ஒப்பிட்டால் சிறிய அளவு. ஆனால் இது நேர் சாலையிலும், ஒவ்வொரு சுற்றிலும், ஷாஃப்டின் தட்டை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருக்கும். உலோகம் களைப்பது அப்படித்தான்.

பழைய வண்டிக்குப் புதிதாகவே ஆக்ஸில் நுனி வடிவமைக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது?

பேரிங் பட்டியலை மூடிவைத்துவிட்டு, விசைகள் போகும் வழியை ஒரு தாளில் வரையுங்கள். அரை மிதவை என்றால் பேரிங்கிலிருந்து டிஃபரென்ஷியல் வரை 600 மில்லிமீட்டர், டயர் நடுக்கோடு பேரிங்குக்கு வெளியே 60 மில்லிமீட்டர் என்று வையுங்கள். நெம்புகோல் விதிப்படி பேரிங்கின் சுமை 10 சதவீதம் கூடும். வளைவில் 2.2 கிலோநியூட்டன் பக்கவிசை 0.3 மீட்டர் டயர் ஆரத்தில் நெம்பும்போது இன்னும் 1.1 கிலோநியூட்டன் சேரும். இவற்றைக் கூட்டியபிறகே மேலே சொன்ன ஆயுள் கணக்குக்கு வாருங்கள்.

வேகப் பந்தயத்துக்கான வண்டி என்றால், மைனருக்கு உறவான ஆக்ஸில் கொண்ட ஸ்ப்ரைட், மிட்ஜெட் ஸ்போர்ட்ஸ் கார்களின் பந்தயக்காரர்கள் செய்ததைப் பாருங்கள். ஹப்பை நீட்டி இரண்டு பேரிங்குகள் வைத்தார்கள். சாய்வைத் தடுக்கும் பொறுப்பு ஷாஃப்டிலிருந்து பேரிங்குகளுக்கு மாறிவிட்டது. இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. ஒட்டி வைத்த இரண்டு பேரிங்கால் பாதிப் பயன்தான்.

சொன்னபடி எல்லாம் செய்தேன். மூன்றாவது பேரிங்கும் அதே பக்கத்தில் போய்விட்டது. என்னதான் காரணம்?

இரண்டைக் கேட்பேன். சமீபத்தில் வண்டியில் வெல்டிங் நடந்ததா? எர்த் கம்பியை வேலை நடக்கும் இடத்துக்கு அருகில் கவ்வாமல் எங்கோ கவ்வினால், மின்னோட்டம் பேரிங் வழியாகப் பாய்ந்து பாதையில் நுண்குழிகளை எரித்துவிடும். இல்லையென்றால் கேசிங்கே வளைந்திருக்கலாம். பள்ளத்தில் விழுந்த பழைய வண்டிகளில் இது சாதாரணம்.

சோதிக்க எளிய வழி உண்டு. வண்டி தரையில் நிற்க, பின் ரிம்கள் இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை ஆக்ஸில் உயரத்தில் முன்பக்கம் ஒரு முறை, பின்பக்கம் ஒரு முறை அளக்கவேண்டும். பிறகு வண்டியைத் தள்ளிச் சக்கரத்தை அரைச் சுற்று சுற்றி, அதே இரண்டையும் மறுபடி அளந்து சராசரி எடுத்தால் ரிம்மின் கோணல் கழிந்துவிடும். முன்னளவும் பின்னளவும் ஒரு நூலுக்குமேல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) மாறினால் நான்காவது பேரிங்கை வாங்காமல், கேசிங்கைக் கழற்றி நேராக்கும் பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள்.